கை எட்டும் தூரம்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நீ போனை எடுக்க மாட்டாய் என்று தெரிந்துதான் மெயில் எழுதுகிறேன். மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு எப்போது கூப்பிட்டாலும் அவர்தான் பேசுகிறார். உன்னிடம் கொடுங்கள் என்றால் "உங்க அக்கா குளிக்கிறாடா" என்கிறார். ஒரு மனுஷி இவ்வளவு குளித்தால் ஊரில் மற்றவர்களுக்குத் தண்ணீர் மிஞ்சாது.

சரி, வேலை விஷயம். மூடிக் கிடந்த காகித ஆலையின் புகைபோக்கியைச் சோதிக்க வந்திருக்கிறேன். மாமா நன்றாக இருந்தபோது பேசி முடித்த வேலைதான். ஆலையை மாதக் கடைசியில் மறுபடி ஓட்டப் போகிறார்கள். அதற்கு முன் நாம் ஏறிப் பார்த்து, காங்கிரீட்டில் விரிசல் இருந்தால் படம் எடுத்து, அவர்களுடைய இன்ஜினியரிடம் கொடுக்க வேண்டும். கீழே கயிறு பார்த்துக்கொள்ள, வழக்கம்போல நம் மீசைக்காரர் மீசைதான் வந்திருக்கிறார். ஏணியை எல்லாம் தட்டிப் பார்த்தாயிற்று, உறுதியாக இருக்கிறது.

கேமராதான் இல்லை. பழையது என்ன ஆனது என்று உனக்கே தெரியும். அதனால் நாம் வழக்கமாகக் கேமரா தேடும் அந்த இணையதளத்தில், மாமாவின் கணக்கிலேயே, அது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு சின்னக் கேமராவைக் காட்டுகிறது. எனக்குச் சரியாகத் தெரிகிறது. பணம் கட்டும்போது ரகசிய எண் மாமாவின் போனுக்குத்தான் வரும், அந்தப் போன் உன் கையில். மாமாவிடம் காட்டி, அவர் சரி என்றால் ஆர்டர் போட்டுவிடு. இங்குள்ள விலாசத்தைப் பதிந்துவிட்டேன்.

மாமா இன்று எழுந்து நடந்தாரா?

உன் தம்பி

*

மார்ச் 5

தம்பிக்கு,

நான் குளிக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது, அதனால் எடுக்கவில்லை. போதுமா?

இனியும் மெயிலிலேயே எழுது. போனில் நான் கத்துவேன், நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிவிட்டு உன் இஷ்டத்துக்குச் செய்வாய். எழுத்தில் இருந்தால் நாளைக்கு நீ மழுப்ப முடியாது.

அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். போன தடவையும் இப்படித்தான் சோபாவில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை அழுத்தினாய். எது முக்கியம் என்று கேட்டதற்குப் படத்தின் தரம் என்று போட்டாய். லென்ஸ் மாற்றுகிற கேமராவைக் காட்டியது. ஐந்து நட்சத்திரம் என்று குதித்தாய். அந்த ஐந்து நட்சத்திரத்துக்கு லென்ஸ் மாற்றுவதற்காக ஏணியில் நின்றபடி இரண்டு கையையும் விட்டவர் என் புருஷன். கயிறு பிடித்துக்கொண்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆளை ஆட்டிச் சுவரில் கொண்டுபோய் அடித்ததும் அதே கயிறுதான். நடந்தாரா என்று கேட்கிறாய். கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நடந்தார், என் தோளைப் பிடித்துக்கொண்டு. ஜன்னலருகே போய் நின்றுகொண்டு, திரும்பி வரப் பயந்து, "காத்து நல்லா வருது, கொஞ்சம் நிக்கிறேன்" என்றார். ஜன்னல் சாத்தியிருந்தது.

உன் பதில்களைப் படித்தேன். 'படம் எடுக்கப்போகும் பொருளுக்கும் உங்களுக்கும் எவ்வளவு தூரம்?' கை எட்டும் தூரம் என்று போட்டிருக்கிறாய். 'கேமராவைப் பிடிக்கும்போது உங்கள் கை நடுங்குமா?' இல்லை என்று போட்டிருக்கிறாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் கையிலிருந்த காபி பாதிக்கு மேல் தரையில் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்குப் புரியாமல் கேட்கிறேன். அதே தளத்தில் நிலாவில் இருக்கும் குழியை எடுக்கிற கேமரா எல்லாம் இருக்கிறது. தரையில் நின்று எடுத்தால் என்ன? ட்ரோன் பறக்கவிட்டால் என்ன? மேலே ஏறித்தான் ஆக வேண்டும் என்று யார் தலையில் எழுதியிருக்கிறது?

அக்கா

*

மார்ச் 7

அன்புள்ள அக்கா,

காபி விஷயம் வேறு, இது வேறு.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். புகைபோக்கி முழுக்கக் கரி. மழைத் தண்ணீர் ஒழுகி ஒழுகி மேலிருந்து கீழ்வரை கறுப்புக் கோடுகளாக இருக்கிறது. தரையில் நின்று எடுத்தால் கரிக்கோடு எது, விரிசல் எது என்று எந்தக் கேமராவாலும் சொல்ல முடியாது. பக்கத்தில் போய், கரியைத் துடைத்து, ஸ்கேலை ஒட்டி வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தால்தான் தெரியும். சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும். உள்ளே பொத்தலாக இருந்தால் சத்தமே மாறிவிடும். ட்ரோன் வந்து துடைக்குமா, தட்டுமா?

உச்சிக்குக் கீழே ஓர் இடத்தில் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பைனாகுலரில் பார்த்தேன். கோடு நேராக இறங்காமல் வளைந்து போகிறது. தண்ணீர் வளைந்து ஒழுகாது.

இன்னொன்றும் கேட்டுக்கொள். புகைபோக்கிக்கு நேர் கீழே தொழிலாளிகளின் சாப்பாட்டுக்கூடம். தகரக் கூரை. ஆலை ஓட ஆரம்பித்ததும் மத்தியானம் அத்தனை பேரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். இப்போதே மேசை நாற்காலியெல்லாம் துடைத்து அடுக்கிவிட்டார்கள். நான் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

மாமாவிடம் காட்டினாயா, இல்லையா? நாள் ஓடுகிறது.

தம்பி

*

மார்ச் 8

தம்பிக்கு,

ஆர்டர் போட்டுவிட்டேன். இந்த வாரத்துக்குள் வந்துவிடும் என்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. ஜாக்கிரதை.

அக்கா

*

மார்ச் 13

அக்கா,

பெட்டி வந்தது. பெட்டியின் அளவைப் பார்த்ததுமே மீசை "என்ன தம்பி, மிக்ஸியா?" என்று கேட்டார்.

மாமாவின் கணக்கைத் திறந்து பார்த்தேன். நான் போட்ட பதில் ஒன்றுகூட இல்லை. தூரம்: மிகத் தொலைவு. முக்காலி: எப்போதும் உண்டு. எடை: ஒரு பொருட்டே அல்ல. பயன்பாடு: பறவைகள், நிலவு. நான் என்றைக்குப் பறவை பார்த்தேன்? என் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸைக் கட்டி அனுப்பியிருக்கிறாய். ஒரு கையால் தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு கீழே இறங்குகிறது.

மாமாவிடம் நீ காட்டவே இல்லை. அவர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார், இல்லாவிட்டால் கத்தியிருப்பார். இரண்டில் ஒன்று உறுதி.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். கை நடுங்குமா என்ற கேள்விக்கு ஆம் என்று மாற்றியிருக்கிறாயே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. என் தொழிலில் ஒருவனைப் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தை அது. அதை என் அக்கா சொல்கிறாள், அதுவும் என் முகத்தைப் பார்த்து இல்லை, ஒரு மெஷினிடம்.

திருப்பி அனுப்பி வேறு வாங்க நேரமில்லை. நாளை காற்று குறைவாக இருக்கும் என்கிறார்கள். இதையே மார்பில் கட்டிக்கொண்டு ஏறப் போகிறேன்.

*

மார்ச் 13

டேய்,

ஏறாதே. அதைக் கட்டிக்கொண்டு ஏறாதே.

ஆமாம், மாற்றினேன். மாமாவிடம் காட்டவில்லை. நீ ஏற முடியாமல் போக வேண்டும் என்றுதான் அவ்வளவு பெரியதாகப் பார்த்து வாங்கினேன். தரையில் முக்காலி போட்டு நிற்பாய், நாலு படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாய் என்று நினைத்தேன். அதோடு மேலே போவாய் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

இப்போது உன் போனுக்குத்தான் அடித்துக்கொண்டே இருக்கிறேன். எடு.

அக்கா

*

மார்ச் 14

போனை எடுடா. மீசையாவது எடுக்கச் சொல். திட்டு, கத்து, என்ன வேண்டுமானாலும் சொல். குரலைக் கேட்டால் போதும்.

உன் மாமா "யாருக்குப் போன் பண்ணிக்கிட்டே இருக்க?" என்று கேட்கிறார். சிலிண்டர் போடுகிற கேஸ்காரனுக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

*

மார்ச் 15

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியைப் படிக்க மாட்டாய்.

நேற்று ஏறினேன். கீழே கட்டியபோது கேமரா வார் இறுக்கமாகத்தான் இருந்தது. பாதிக்கு மேலே போனதும் ஆட ஆரம்பித்தது. ஒவ்வொரு படிக்கும் கேமரா ஏணியில் இடிக்கிறது. அந்தச் சத்தம் கீழே வரைக்கும் கேட்டதாம். மீசை "எறங்கு தம்பி, எறங்கிடு" என்று கத்திக்கொண்டே இருந்தார். எனக்கு உன்மேல் இருந்த கோபத்தில் இறங்கத் தோன்றவில்லை.

சந்தேகப்பட்ட இடத்துக்குப் போய்விட்டேன். கரியைத் துடைத்தேன், ஸ்கேலை வைத்தேன், எடுத்தேன். எல்லாம் மங்கல். நிலாவைப் பார்க்கிற அந்த லென்ஸுக்குக் கை எட்டும் தூரத்தில் இருப்பது கண் தெரியாதாம். தள்ளிப் போனால் தெரியும் போலிருக்கிறது என்று உடம்பைப் பின்னால் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். அப்போது வாரின் கொக்கி கழன்றது.

கேமரா நழுவியது. இரண்டு கையாலும் அதைப் பிடித்தேன்.

யோசித்துச் செய்யவில்லை அக்கா. கை தானாகப் போய்விட்டது. கால் வழுக்கி, ஏணியில் மாட்டியிருந்த என் பெல்ட் கொக்கியில் தொங்கினேன். ஏணியோடு ஒட்டித் தொங்கியதால் சுவரில் மோதவில்லை. முழங்காலிலிருந்து கணுக்கால்வரை தோல் வழண்டுவிட்டது, அவ்வளவுதான். தொங்கும்போதும் அந்தச் சனியனைக் கட்டிப்பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். "அத விட்றா, ஏணியப் பிடி!" என்று மீசை கத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் என்னை 'டா' போட்டது இதுதான் முதல் தடவை.

மாமாவுக்குக் கேமரா தேர்ந்தெடுத்தது நான், எனக்குத் தேர்ந்தெடுத்தது நீ, சரியாகப் போயிற்று என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

ஆலை மேனேஜர் காலையில் வந்தார். "படம்தான் சரியா வரலையே, விரிசல் எதுவும் இல்லன்னு எழுதிக் குடுத்துடுங்களேன். எல்லாருக்கும் நிம்மதி" என்கிறார். நிம்மதியாம். என் கண்ணால் பார்த்தேன், அது கரி இல்லை. ஆனால் படம் இல்லாமல் இன்ஜினியர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கால் ஆறியதும் மறுபடி ஏறுவேன். போனைக் கையில் கட்டிக்கொண்டு போகலாம் என்று பார்க்கிறேன்.

தம்பி

*

மார்ச் 17

தம்பி,

உன் மெயிலை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரி விடவில்லை. நான் செய்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"ரெண்டு கையாலயும் பிடிச்சானா?"

"ஆமா."

"நானும் அப்படித்தான்" என்றார். "லென்ஸ மாத்தி முடிச்சுட்டேன். கழட்டுன பழைய லென்ஸ் பையில போடும்போது நழுவிருச்சு. கீழ மீசை நிக்கிறானேன்னு பாய்ஞ்சு பிடிச்சேன். நல்ல கேமராவோ, மட்டமான கேமராவோ, எது நழுவுனாலும் பிடிச்சிருப்பேன். அவன் வாங்குனதால நான் விழல."

இத்தனை நாளில் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேக்கல. அவன்மேல கோவமா இருந்தா கொஞ்சம் தெம்பா இருந்த, சரின்னு விட்டுட்டேன்" என்கிறார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது சொல்.

பிறகு லேப்டாப்பை மடியில் வைக்கச் சொன்னார். கேள்வி எல்லாவற்றையும் படித்தார். "இத்தன கேள்வி கேக்குறானே, கையிலேர்ந்து நழுவுனா விட்டுற முடியுமான்னு ஒரு கேள்வி கேட்டானா?" என்றார். கேட்கவில்லை. ஒற்றைக் கையால் அழுத்த முடியுமா, கையுறை போட்ட விரலுக்குப் பட்டன் தட்டுப்படுமா, எதுவும் கேட்கவில்லை. கல்யாணமா, குழந்தையா, பயணமா, பறவையா என்றுதான் கேட்கிறது. புகைபோக்கி என்று ஒரு கட்டம் இல்லை.

நான் ஒவ்வொரு கட்டமாக அழுத்தி, என்ன காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். கடைசியில் எங்கே கிடைத்தது தெரியுமா? 'கடலுக்கு அடியில்' என்ற கட்டத்தில். முத்துக்குளிக்கிறவன் போலப் பதில் போட்டேன். அங்கேதான் கையுறை உண்டு, ஒரே கைதான், மணிக்கட்டில் கயிறு, விழுந்தாலும் உடையாது, விரல்கடை தூரத்தில் இருக்கும் சிப்பியைக்கூடத் தெளிவாக எடுக்கும், லென்ஸைச் சுற்றி விளக்கு வேறு. சொட்டுத் தண்ணீர் இல்லாத புகைபோக்கிக்கு இதுதான் பொருத்தம் என்று உன் மாமா தொடையில் தட்டினார். தட்டியது அடிபட்ட பக்கம், "ஐயோ" என்று காலைப் பிடித்துக்கொண்டார்.

இந்தத் தடவை பட்டனை அழுத்தவில்லை. நட்சத்திரத்தை நம்பவும் இல்லை. மாமாவின் கையுறையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அதைப் போட்டுக்கொண்டு, இடது கையால் கடையின் அலமாரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் எடுத்துப் பார்த்தேன். கடையில் இருந்தவர்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஒதுங்கி நின்றார்கள். பிறகு விற்பனைப் பையனிடம் "இதைத் தரையில போடுங்க" என்றேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. "நீங்களே போடுங்க மேடம்" என்றான். போட்டேன். எடுத்துப் பார்த்தேன், வேலை செய்தது. வாங்கிவிட்டேன். நாளை கொரியரில் போகிறது. அதுவரை போனையும் கீனையும் கட்டிக்கொண்டு ஏறினால் நானே அங்கே வந்து ஏணியைக் கழற்றிவிடுவேன்.

உன் மாமா ஒரு வரி சொல்லச் சொன்னார்: "கேமரா போனா போகட்டும். கை ஏணியில இருக்கட்டும்."

நீ ஏறுவது எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. அந்தத் தகரக் கூரையையும் அடுக்கி வைத்த மேசைகளையும் நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று செய்ய வேண்டும். ஏறுவதற்கு முன்னால் அந்தக் கேமராவில் உன் இரண்டு காலையும் படமெடுத்து அனுப்பு. இறங்கியதும் அதே தரையில் அதே காலை எடுத்து அனுப்பு. நடுவில் நீ என்ன எடுத்தாலும் எனக்கு வேண்டாம். கேமராவிலிருந்து போனுக்குப் படம் போகும், கடையில் காட்டினார்கள்.

பதில்களை எல்லாம் கணக்கில் சேமித்து வைத்திருக்கிறேன். நடுக்கக் கேள்விக்கு மட்டும் நான் போட்ட ஆம் அப்படியே இருக்கிறது. நீயே மாற்றிக்கொள்.

அக்கா

*

மார்ச் 20

அன்புள்ள அக்கா,

கேமரா வந்தது. சோப்புக்கட்டி அளவுதான் இருக்கிறது. மீசை அதைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடினார், பிறகு பிடிக்காமலும் விளையாடினார். ஒன்றும் ஆகவில்லை.

கால் ஆறிவிட்டது. நாளை காலை ஏறுகிறேன். மேனேஜரிடம் சொல்லிவிட்டேன், படம் வரும்வரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு போனார்.

மாமாவிடம் சொல், நாளை நீ கேஸ்காரனுக்குப் போன் பண்ண வேண்டியிருக்காது என்று.

தம்பி

*

மார்ச் 21

அக்கா, முதல் படம் இத்துடன். கால் இரண்டும் தரையில்தான் இருக்கிறது, எண்ணிக்கொள். ஏறப் போகிறேன்.

*

மார்ச் 21

தம்பி,

படம் வந்தது. இடது ஷூவின் கயிறு சரியாகக் கட்டவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். நீ அதற்குள் ஏறியிருப்பாய். இதை எப்போது படிக்கப் போகிறாய் என்று தெரியவில்லை, எழுதாமலும் இருக்க முடியவில்லை.

உன் மாமா தானாகவே எழுந்து ஜன்னல்வரை போய் நிற்கிறார். இன்றைக்கு என்னைக் கூப்பிடவில்லை. என்ன தெரிகிறது என்று கேட்டால் ஒன்றும் தெரியவில்லை என்கிறார். தெருவில் ஒரு லாரி நிற்கிறது, அதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். சோறு அடிப்பிடித்துவிட்டது.

மத்தியானமும் ஆகிவிட்டது. படம் வரவில்லை.

அக்கா

*

மார்ச் 21

அன்புள்ள அக்கா,

இறங்கிவிட்டேன். ஷூ கயிறு அவிழவில்லை.

விரிசல்தான். படம் தெளிவாக விழுந்திருக்கிறது. ஸ்கேலின் கோடுகூட எண்ணலாம். இன்ஜினியர் இங்கேயே லேப்டாப்பில் பார்த்துவிட்டு, நேரே போய்ச் சாப்பாட்டுக்கூடத்தைப் பூட்டச் சொல்லிவிட்டார். மேசைகளை வெளியே தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆலை இந்த மாதம் ஓடாது. மேனேஜர் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார்.

மேலே ஒரு தடவை நழுவியது. விட்டுவிட்டேன். மணிக்கட்டுக் கயிற்றில் தொங்கிக்கொண்டு ஆடியது. என் கை ஏணியில் இருந்தது. மாமாவிடம் இதை மட்டும் தனியாகச் சொல்.

நீ கேட்ட இரண்டாவது படம் இத்துடன் இருக்கிறது. அதே தரை, அதே கால். பார்த்தால் மங்கலாக இருக்கும். பல தடவை எடுத்துப் பார்த்தேன், எல்லாமே அப்படித்தான் வந்தது, அதனால்தான் அனுப்பத் தாமதம். கேமராவைக் குறை சொல்லாதே, நீ நல்லதாகத்தான் வாங்கியிருக்கிறாய். ஏறும்போது இல்லை, மேலே இருக்கும்போதும் இல்லை. இறங்கி, கால் தரையில் பட்டதும் ஆரம்பித்துவிட்டது. மீசை தண்ணீர் கொடுத்தார், டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

கை நடுங்குமா என்ற அந்தக் கேள்விக்கு நீ போட்ட பதில் அப்படியே இருக்கட்டும் அக்கா. மாற்ற வேண்டாம்.

தம்பி